வலிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்

அந்த வெள்ளைக்காரர் யாரையும் அடித்ததில்லை. குரலை உயர்த்திப் பேசியதுகூட இல்லை. எங்கள் தோட்டத்துக்கு வந்துபோன துரைமார்களில் என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டு காலை வணக்கம் சொன்னவர் அவர் ஒருவர்தான். சிகரெட் டின்னைத் திறந்து என் பக்கம் நீட்டுவார். நான் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் மூடிவைத்துக்கொள்வார். என் மகளின் கையை நினைக்கும்போதெல்லாம் இந்த மரியாதைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. கத்தியைப் பிடித்த டாக்டரை என்னால் மனதாரத் திட்ட முடிகிறது. இவரைத் திட்டப்போனால் வார்த்தை பாதியில் நின்றுவிடுகிறது.

மலாயாவில் கோத்தா திங்கியிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. அங்கே நான் பெரிய கிராணி, தலைமைக் கணக்குப்பிள்ளை. ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால், காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதிலிருந்து துரை திட்டுவதைத் தமிழில் மாற்றிச் சொல்வது வரைக்கும் எல்லாம் என் தலையில் விழுந்தது. துரையின் கெட்ட வார்த்தைகளைக் கொஞ்சம் பதமாக்கித்தான் சொல்வேன். தொழிலாளிகள் பதிலுக்கு முணுமுணுப்பதையும் அப்படியே. அதில் யாருக்கும் நஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அவர் வந்தார். சீமையில் ஒரு சர்வகலாசாலையில் மனித இனங்களைப் பற்றி ஆராய்கிறவர், தீமிதி பார்க்க வந்திருக்கிறார் என்று தோட்டத்து மேனேஜரான பெரிய துரை என்னிடம் சொன்னார். பெரிய துரையின் பங்களாவிலேயே தங்கினார். மொழிபெயர்க்க நான் கூடப் போக வேண்டும் என்று உத்தரவு. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: படிப்புத் துரை.

படிப்புத் துரையோடு மரப்பெட்டிகள் வந்தன. ஒன்றில் தலையின் அகலத்தை அளக்கும் இரும்புக் கவை. இன்னொன்றில் தோல் நிறத்தோடு ஒத்துப்பார்க்கும் வர்ணச் சீட்டுகள். மூன்றாவது பெட்டியில் பட்டுத் துணி விரித்து ஒரு பித்தளைக் குழல் வைத்திருந்தார். குழலுக்குள் வில். நுனியில் மழுங்கிய ஒரு முளை. அதைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல மெல்ல அழுத்துவார். வலிக்கத் தொடங்கியதும் சொல்ல வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பது குழலின் பக்கத்திலிருந்த கோடுகளில் தெரியும். அவர் எழுதிக்கொள்வார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும் பெண்கள் அதற்குப் பித்தளைக் கோழி என்று பெயர் வைத்தார்கள்.

"என்னாடி, கோழி ஒன்னயும் கொத்திச்சா?"

"கொத்திச்சு. முட்டதான் போடல."

"கப்பலேறி வந்தது நம்ம கட்டவெரல அமுக்கத்தானா? அவரு ஊர்ல யாருக்கும் கட்டவெரலே கெடையாதா?"

"இருக்கும். அங்க போயி அமுக்குனா அறைவாளுங்க."

அவர்கள் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அவர் கேட்டார். கருவி அழகாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

காப்புக் கட்டும் நாள் வந்தது. திருவிழாவில் நெருப்பு மிதிக்கிறவர்கள், காவடி எடுக்கிறவர்கள், பால்குடம் சுமக்கிறவர்கள் எல்லோருக்கும் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் தடவிய நூலைக் கட்டுவார். அந்த நூல் கையில் இருக்கும்வரை கவுச்சி கூடாது, பாயில் படுக்கக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் தோட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. காப்புக் கட்டினவர் வாயால் 'வலிக்கிறது' என்று சொல்லக்கூடாது. கல் தடுக்கினாலும், வெட்டுக்கத்தி பட்டாலும், நெருப்பே சுட்டாலும் சொல்லக்கூடாது. அம்மனிடம் ஒப்படைத்த உடம்பு அது, அதில் குறை சொன்னால் வேண்டுதல் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். யார் உயிருக்காக வேண்டிக்கொண்டோமோ அந்த உயிரின் மேலேயே திரும்பிவிடும். அதனால் காப்புக் கட்டினவரிடம் வலிக்கிறதா என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்பது இங்கிதமில்லை.

படிப்புத் துரைக்கு நெருப்பு மிதிக்கிறவர்கள்தான் வேண்டியிருந்தது. காப்புக் கட்டின மறுநாளிலிருந்து அவர்களைக் கோயில் கொட்டகையில் வரிசையாக உட்காரவைத்துப் பித்தளைக் குழலை அழுத்தினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முளை நகத்தில் பதிந்து, நகம் வெளுத்து, பிறகு கருத்தது. அப்போதும் இல்லை. குழலின் கோடுகள் முடிந்துபோயின. அவர் என்னைப் பார்த்தார்.

"வலிக்கிறதா என்று கேள்."

நான் கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்கிறானே என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு அந்த மனிதர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்து லயத்துக்காரர், "வலிக்கலங்க" என்றார்.

அன்று சாயங்காலம் பங்களா வராந்தாவில் நான் விளக்கிச் சொன்னேன். இவர்கள் விரதத்தில் இருக்கிறார்கள், அதனால் சொல்லமாட்டார்கள், விரதம் முடிந்த பிறகு இதே ஆட்களைச் சோதித்துப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வாய் பொய் சொல்லலாம், ஆனால் முகம் பொய் சொல்லாது, முகத்தையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். விரதம் என்பது இவர்களே பின்னால் கண்டுபிடித்துக்கொண்ட காரணம். முதலில் உணர்ச்சி குறைவு, அதனால்தான் நெருப்பு மிதிக்கும் வழக்கமே வந்தது என்றார். காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிப் பார்க்கிறாய் என்று என் தோளைத் தட்டினார்.

பிறகு எனக்கும் குழலை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். கோடுகளில் பாதிகூடப் போகவில்லை, நான் 'போதும்' என்றேன். அவருக்கு அத்தனை சந்தோஷம். பெரிய துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தாயா, ஒரு தலைமுறைப் படிப்பு என்ன செய்கிறது என்று. எந்த இனத்துக்கு எவ்வளவு வலி உணர்ச்சி என்று காட்டும் ஏணி ஒன்றை அவர் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். அடியில் காட்டில் இருப்பவர்கள், அதற்கு மேல் கூலிகள், உச்சியில் அவருடைய ஜனங்கள். நடுவில் ஓரிடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, "இது நீ" என்றார்.

எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

என் மூத்த மகளுக்கு அப்போது பத்து வயது. அவள் மணிக்கட்டிலும் மஞ்சள் நூல் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் நான் காய்ச்சலில் படுத்து, சிறுநீர் கறுத்துப்போய், பிழைக்கமாட்டேன் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த சமயத்தில் என் மனைவி மகளைக் கோயிலுக்கு அழைத்துப்போய், அப்பா எழுந்து நடந்தால் நான் பால்குடம் எடுக்கிறேன் என்று அவள் வாயாலேயே சொல்லவைத்திருந்தாள். நான் எழுந்து நடந்தேன். ஆனால் காய்ச்சல் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை எனக்கு உடம்பு நடுங்கும்போதும் மகள் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கரகத்துக்குப் பூப் பறிக்கப் பிள்ளைகள் காட்டோரம் போயிருக்கிறார்கள். அங்கே பிரம்பு முள் ஒன்று அவளுடைய இடது உள்ளங்கையில் ஆழமாக ஏறி உடைந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. காப்புக் கட்டின பிள்ளை. சாப்பிட்டாள், கோலம் போட்டாள், தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் தலை பின்னிக்கொள்ள முடியாமல் நின்றபோதுதான் என் மனைவி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கை பன்போல ஊதியிருந்தது. புறங்கையும் வீங்கி, விரல்கள் பாதி மடங்கிய நிலையில் நின்றன.

"என்னாடி இது? எத்தன நாளா?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"எப்படிம்மா சொல்றது?" என்றாள், கையை உயர்த்திக் காப்பைக் காட்டி.

நான் கோத்தா திங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "காப்புக் கட்டின புள்ள எல்ல தாண்டலாமாங்க? நீங்க எந்திரிச்சு ஒக்காந்திருக்கீங்களே, யாரு போட்ட பிச்ச?" அதற்குள் மகளே என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான் வரமாட்டேம்ப்பா, வரமாட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கைக்காக அழவில்லை. தோட்டத்து எல்லையைத் தாண்டினால் என்னைக் கொன்றுவிடுவோமோ என்று அழுதாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். அது பலகைக் கட்டடம், தகரக் கூரை. அங்கே கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். கையைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"கிராணி ஐயா, பிள்ளையின்ர கை உள்ளுக்க நல்லாப் பழுத்துப் போச்சு. இனி வச்சிருக்கேலாது. கீறத்தான் வேணும். பிந்தினா விரல் போயிடும், கையும் போயிடும்."

"நீங்களே கீறமுடியுமா?"

"உள்ளங்கை ஐயா. நரம்பு, நாண் எல்லாம் கிடக்கிற இடம். நான் தொடமாட்டன். டொக்டர் பங்களாவிலதான் நிக்கிறார், தீமிதி பாக்க வந்தவர். நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ, குளோரோபாரம் இருக்கு. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, நித்திரை மாதிரி."

அவர் அலமாரியைத் திறந்து அந்தப் போத்தலைக் காட்டினார். நீலக் கண்ணாடிப் போத்தல். எனக்கு உயிர் வந்தது.

டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவான வெள்ளைக்காரர். காரில் வந்து போவார். அன்று அவரோடு படிப்புத் துரையும் வந்தார். இரண்டு பேரும் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நேராக வந்திருந்தார்கள். டாக்டரின் மீசையில் முட்டை ஒட்டியிருந்தது. மகளின் கையைப் பார்த்து, கீறிவிடலாம், பத்து நிமிட வேலை என்றார். டிரெஸர் போத்தலையும் மூக்கில் வைக்கும் துணிக்கூட்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

அப்போது படிப்புத் துரை, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, மெல்லிய குரலில் டாக்டரோடு பேசினார். நெருப்பு மிதிப்பவர்கள் பயிற்சியால் பழகியவர்கள் என்று யாராவது ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் இது குழந்தை. பயிற்சி என்று சொல்ல முடியாது. இப்படி ஒரு சந்தர்ப்பம் தேடினாலும் கிடைக்காது. டாக்டர் யோசித்தார். குழந்தைகளுக்குக் குளோரோபாரம் கொடுப்பது ஆபத்தில்லாத காரியமில்லை, சின்ன இருதயம் என்றார். படிப்புத் துரை, முடிவு முழுக்க உங்களுடையது என்றார். டாக்டர் போத்தலை எடுத்து டிரெஸரிடமே திருப்பிக் கொடுத்தார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஐயா, அவளுக்கு வலிக்கும். நமக்கெல்லாம் வலிப்பதுபோல வலிக்கும்."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "உனக்கு வலிக்கும், கிராணி. நீ படித்தவன். உன் நரம்புகள் வேறு. உன் பெண் என்ன படித்திருக்கிறாள்?"

படிப்புத் துரை என் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை, ஒரு முனகல் வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருந்து கொடுக்கலாம், சரிதானே டாக்டர், என்றார். டாக்டர் நிச்சயமாக என்றார். படிப்புத் துரை தன் வாக்கைக் காப்பாற்றியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

நான் மகளின் தலைமாட்டில் குனிந்தேன்.

"அம்மா, நான் சொல்றதக் கேளு. வலிச்சா கத்து. வலிக்குதுன்னு சொல்லு. ஒடனே மருந்து குடுத்துத் தூங்க வச்சிருவாங்க."

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"அம்மன் ஒண்ணும் செய்யமாட்டாடா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன்ல?"

"காய்ச்சல் திரும்பத் திரும்ப வருதேப்பா" என்றாள் மிகச் சின்னக் குரலில். "இன்னும் முழுசாப் போவலியே."

டிரெஸர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கத்தியை வைத்தார். உள்ளங்கையின் நடுவிலிருந்து மணிக்கட்டை நோக்கிக் கீறினார். சீழ் பீறிட்டு வந்தது. பிறகு ஒரு இடுக்கியை உள்ளே விட்டு முள்ளைத் தேடினார். தேடினார் என்று எழுதிவிட்டேன். அது எப்படிப்பட்ட தேடல் என்று எழுத என்னால் ஆகாது.

மகள் சத்தமே போடவில்லை. கண்ணை மூடவும் இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முறுக்கிக்கொண்டன. படிப்புத் துரை மேசையின் எதிர்ப்பக்கம் நின்று அவள் நெற்றியையும் உதட்டையும் கவனித்தார். கால்பக்கம் அவர் பார்க்கவில்லை. அங்கே போர்வை கிடந்தது, அது விலகியிருந்த பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

டாக்டர் தனக்குத் தெரிந்த மலாயில், "சாகிட்? சாகிட்?" என்றார். வலியா என்று கேட்கிறார். அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

"உன் பாஷையில் கேள்" என்றார் படிப்புத் துரை.

கேட்டேன். என் மகளிடம், இடுக்கி அவள் கைக்குள் இருக்கும்போது கேட்டேன். "வலிக்குதாம்மா?"

"இல்லப்பா."

"என்ன சொல்கிறாள்?"

"இல்லை என்று சொல்கிறாள். ஏனென்றால் அவள் விரதத்தில் இருக்கிறாள், ஐயா. என் உயிருக்காக. வலிக்கிறது என்று சொன்னால் நான் செத்துவிடுவேன் என்று நினைக்கிறாள்."

அவர் பென்சில் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது. மற்றதையும் எழுதுங்கள் என்றேன். நீ சொல்வதைப் பிறகு விரிவாகக் கேட்டுக்கொள்கிறேன் என்றார், அன்பாகத்தான். "நீ உட்கார். உனக்கு முகம் வெளுத்துவிட்டது." எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

முள் கிடைத்தது. டாக்டர் அதை ஒரு தட்டில் போட்டார். "அதிசயம்" என்றார். படிப்புத் துரை மகளின் கன்னத்தைத் தட்டி, பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நல்ல கையில் வைத்தார். விரத உணவில்லை என்று அவள் அதைச் சாப்பிடவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டிரெஸர் தலை நிமிராமலே என்னிடம் சொன்னார்: "நான் போத்திலைக் கையில எடுத்தனான் ஐயா. நீங்கள் பாத்தனீங்கள்."

திருவிழா அன்று அவள் இடது கையைத் தூளியில் மாட்டிக்கொண்டு வலது கையால் குடத்தைப் பிடித்துப் பால் சுமந்து போனாள். படிப்புத் துரை படம் எடுத்தார். மறுநாள் காலையில் கார் ஏறி ஜொகூர் பாரு போய், பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் கப்பல் பிடிக்கப் போய்விட்டார். விரிவாகக் கேட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அவர் கார் போன அதே காலையில்தான் மஞ்சள் நீராட்டி, பூசாரி எல்லோருடைய காப்பையும் அறுத்தார். என் மகளின் முறை வந்தது. நூலை அறுத்து அவர் கையை எடுத்ததுதான் தெரியும், அவள் கத்த ஆரம்பித்தாள். கோயில் வாசலிலேயே விழுந்து கத்தினாள். "வலிக்குதுப்பா, வலிக்குதுப்பா" என்று அத்தனை நாளும் சேர்த்துவைத்ததை எல்லாம் கத்தினாள். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகும் நிற்கவில்லை. மூன்றாம் லயம் வரைக்கும் கேட்டது என்றார்கள். பித்தளைக் கோழியைக் கேலி பண்ணிய அதே பெண்கள் வாசலில் வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து கட்டைப் பிரித்தார். புண் சுத்தமாக இருக்கிறது, வீக்கம் வடிந்துவிட்டது, கீறும்போது இல்லாத வலி இப்போது எங்கிருந்து வந்தது என்று என்னையே கேட்டார். காப்பு அறுத்துவிட்டார்கள் என்றேன். அவர் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டார். நீ அன்றைக்குச் செய்த அமர்க்களத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள், பார்த்துச் செய்வது உங்கள் ஜனங்களுக்கு இயல்பு, கவனிக்காமல் விட்டால் நின்றுவிடும் என்றார். டிரெஸருக்கு வேறு மருந்து எதுவும் சொல்லாமல் காரில் ஏறினார்.

புண் ஆறிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் உள்ளே மடங்கியபடியே நின்றுவிட்டன. இடுக்கி எதையோ அறுத்திருக்கிறது என்று டிரெஸர் பிற்பாடு சொன்னார். அவள் அசைந்திருந்தால், கத்தியிருந்தால், டாக்டர் கொஞ்சம் மெதுவாகத் தேடியிருப்பார் என்றும் சொன்னார். அதை அவர் என் மனைவி இல்லாத சமயம் பார்த்துச் சொன்னார்.

பிறகு ஒரு நாள் பெரிய துரை என்னை அறைக்குக் கூப்பிட்டு, சீமையிலிருந்து வந்த ஒரு தடித்த சஞ்சிகையைச் சிரித்துக்கொண்டே நீட்டினார். "உன் பெண் புகழ் பெற்றுவிட்டாள்." பால்குடத்தோடு அவள் நிற்கும் படம் இருந்தது. கீழே தமிழ்க் கூலிச் சிறுமி என்று போட்டிருந்தது. வலி உணர்ச்சியில் இனங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் பற்றிய கட்டுரை. நல்ல இங்கிலீஷ். எங்கள் தோட்டத்து மனிதர்களைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. உழைப்பாளிகள், சாதுக்கள், தெய்வபக்தி உள்ளவர்கள் என்றெல்லாம் இருந்தது. என் மகளைப் பற்றி ஒரு பத்தி. அதன் முடிவில் நான். இங்கிலீஷ் படித்த தகப்பன் அருகில் நின்றான் என்றும், அறுக்கப்பட்டது மகளின் கையாக இருந்தும் வேதனையின் அறிகுறிகள் எல்லாம் தகப்பனிடமே காணப்பட்டன என்றும், படிப்புக்கும் உணர்ச்சிக்கும் உள்ள சம்பந்தத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்றும் எழுதியிருந்தார். விரதம் பற்றி அடிக்குறிப்பில்கூட ஒரு வார்த்தை இல்லை.

இது தப்பு என்றேன் பெரிய துரையிடம். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, கேட்டுக்கொண்டார். பிறகு, "அச்சில் வந்துவிட்டதே, கிராணி" என்றார்.

அதற்குப் பிறகு நான் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு மாதிரி ஆகிவிட்டேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். யாராவது சும்மா படுத்திருந்தால் எழுப்பி எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். மூத்தவளிடம் கேட்டுப் பயனில்லை. அவள் வயதுக்கு வந்தபோதும் சொல்லவில்லை, பல் வீங்கிக் கிடந்தபோதும் சொல்லவில்லை. இளையவளாவது பிழைக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மை ஊசி போட ஒரு புது வெள்ளைக்கார டாக்டர் தோட்டத்துக்கு வந்தார். இளையவள் அப்போது விவரம் தெரிந்த பிள்ளை. போவதற்கு முன்பு அவளை வீட்டிலேயே பழக்கினேன்.

"ஊசி கிட்ட வந்தாலே கத்தணும், தெரிஞ்சுதா?"

"வலிக்கலன்னா?"

"வலிக்கலன்னாலும் கத்து. 'பெயின், டாக்டர்'னு சொல்லு. எங்க, சொல்லு."

"பெயின் டாக்டர்! பெயின் டாக்டர்!" அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. வீடு முழுக்க ஓடி ஓடிக் கத்தினாள்.

பெரட்டுக்களத்தில் வரிசை நின்றது. டாக்டர் அவள் சட்டைக் கையை மடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். அவள் கத்தியதைக் கேட்டுப் பின்னால் நின்ற பிள்ளைகளும் கத்த, வரிசையே கலைந்துவிட்டது. டாக்டர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பெரிய துரையிடம் இங்கிலீஷில் சொன்னார்: இந்த ஜனங்களுக்கு நரம்பில் கட்டுப்பாடு என்பதே கிடையாது, எங்கோ படித்திருக்கிறேன், தொடுவதற்கு முன்பே அலறுவார்கள். பெரிய துரை என் பக்கம் பார்க்காமல் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மூத்தவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

"எதுக்குப்பா அவள இப்படிக் கத்தவச்சீங்க? எல்லாரும் சிரிச்சாங்க. மானமே போச்சு."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"எனக்குக் கத்தியவச்சே அறுத்தாங்க. நான் ஒரு சத்தம் போட்டேனா?" திரும்பி நின்று என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, பெருமை. "அதனாலதான நீங்க இன்னைக்கு நடந்து வர்றீங்க."

அந்தச் சஞ்சிகையை அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தக் கையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பெருமைதான். அதையும் நான் எடுத்துவிட முடியாது.

என் இடுப்பில் இருந்த இளையவள் அழுகையை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. சட்டைக் கையைத் தூக்கி ஊசி போட்ட இடத்தைப் பார்த்தாள். "அக்கா, இப்ப நெசமாவே வலிக்குதுக்கா" என்றாள்.

"பொய் சொல்லாத" என்றாள் மூத்தவள்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் அந்த இடத்தைத் தொட்டேன். தடித்து, சூடாக இருந்தது.